மெட்டானிமி, சினெக்டகி – எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி
பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்) வரை சிக்கல் இல்லை. மெட்டானிமியும் சினெக்டகியும்தான் குழப்புகின்றன. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனி சொல்லும் 'லெண்ட் மி யுவர் இயர்ஸ்' ஒரு கைடில் சினெக்டகி, இன்னொன்றில் மெட்டானிமி. எது சரி? தேர்வில் எப்படி எழுதுவது?

பதில் 1
பள்ளியில் படித்த ஆகுபெயரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் தலை ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். சினெக்டகியும் இதுதான்: உறுப்பைச் சொல்லி முழுமையைக் குறிப்பது, அல்லது முழுமையைச் சொல்லி உறுப்பை. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்பதில் கைகள் என்றால் மாலுமிகள். 'வள்ளுவரைப் படித்தேன்' என்பதில் வள்ளுவர் நூலின் உறுப்பு அல்ல, நூலோடு தொடர்புடையவர். அது மெட்டானிமி. மணிமுடியைச் சொல்லி அரசாட்சியைக் குறிப்பதும் அப்படியே.

ஆனால் இரண்டு பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவைக்காதீர்கள். 'இந்தியா வென்றது' நமக்கு இடவாகுபெயர். ஆங்கிலக் கையேடுகள் பலவற்றில் இதே மாதிரி வாக்கியம் சினெக்டகிக்கு உதாரணமாக வரும். முழு நாட்டைச் சொல்லி அதில் பதினோரு பேரைக் குறிப்பதால்.

இனி 'இயர்ஸ்'. காது என்பதைக் கேட்கும் ஆள் என்று கொண்டால் சினெக்டகி. ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள்: 'லெண்ட்', கடன் கொடு. ஆண்டனி கேட்பது ஆட்களை அல்ல, அவர்கள் கவனத்தை. கவனம் காதின் வேலை. ஆகவே மெட்டானிமி என்பதே வலுவான விடை. சினெக்டகியே மெட்டானிமியின் ஒரு வகை என்பாரும் உண்டு, அதனால்தான் கைடுகள் முட்டிக்கொள்கின்றன.

விடையில் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினால் மார்க் போகும். வரியிலுள்ள சொல், அது எதைக் குறிக்கிறது, இரண்டுக்கும் என்ன உறவு, அதனால் வரிக்கு என்ன கூடுகிறது: இந்த நாலும் மூன்று வரியில் அடங்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அப்படியானால் 'த பென் இஸ் மைட்டியர் தேன் த ஸ்வோர்ட்'? இதை மெட்டஃபர் என்று எழுதலாமா?

பதில் 2
கூடாது. நடுவில் 'போல' போட்டுப் பாருங்கள். 'உலகம் நாடகமேடை' என்பதை 'மேடை போன்றது' என்று விரிக்கலாம், மெட்டஃபர். 'எழுத்து பேனா போன்றது' என்றால் அபத்தம். பேனா எழுத்துக்குக் கருவி, வாள் போருக்குக் கருவி. இரண்டும் மெட்டானிமி, நம் கருவியாகுபெயர். (1839-இல் புல்வர் லிட்டன் நாடகத்தில் வந்த வரி. ஷேக்ஸ்பியர் தலையில் கட்டிவிடாதீர்கள்.)

சிமிலியிலும் ஒரு பொறி உண்டு. 'லைக்' வந்தாலே சிமிலி ஆகிவிடாது. 'அவன் அப்பாவைப் போல நடக்கிறான்' வெறும் ஒப்பீடு. வேறு வேறு இனப் பொருள்களை ஒப்பிட்டால்தான் சிமிலி.

பதில் 3
ஓசைச் சொற்களிலும் கவனம். அலிட்டரேஷன் என்றால் மோனை என்று மனப்பாடம் செய்கிறவர்கள் எழுத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். ஆங்கிலத்தில் தொடக்க ஒலிதான் கணக்கு: 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை, 'ஃபோன்' (phone), 'ஃபன்னி' (funny) எழுத்து வேறானாலும் அலிட்டரேஷன்தான். ரைமை எதுகை என்பதும் தவறு. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ரைம் ஈற்றில் வருவது, நம்மிடம் அதற்கு நெருக்கம் இயைபு. 'லவ்' (love), 'மூவ்' (move) கண்ணுக்குத்தான் ரைம், காதுக்கு இல்லை. ஐ ரைம் என்று எழுதுங்கள்.