மடலாடல்: 'ஃபயான்ஸ்' தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். பிரான்சின் பழைய சமையலறைக் கலங்களால் வீட்டை அழகுபடுத்துவது பற்றி ஒரு நூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃபயான்ஸ்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். களிமண்ணில் வனைந்து சுட்டு, வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுவது. ருவான், நெவேர், கெம்பேர் ஊர்க் கலங்கள் பெயர்பெற்றவை. 'வெள்ளீயப் பூச்சுக் கலம்' சரியா?
- ச.

பீங்கான் என்றே போடுங்கள் அம்மா. படிப்பவருக்கு உடனே புரியும்.
- மு.

முடியாது ஐயா. பீங்கானுக்குக் கயோலின் என்ற வெண்களிமண் வேண்டும். பிரான்சில் லிமோஜ் என்ற ஊர்ப் பக்கத்தில் அது 1768 வாக்கில்தான் கிடைத்தது. ஃபயான்ஸ் அதற்கு வெகு முந்தையது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக 1689இலும் 1709இலும் வெள்ளித் தட்டுகளை உருக்கச் சொன்னபோது, பிரபுக்களின் மேசைக்கு வந்தது ஃபயான்ஸ்தான். விளிம்பு பெயர்ந்த தட்டை உற்றுப் பாருங்கள்: பீங்கானுக்கு உள்ளேயும் வெள்ளை, இதற்கு உள்ளே செம்மண்ணோ வெளிர்மஞ்சளோ தெரியும். ஆனால் 'வெள்ளீயப் பூச்சு' என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுதான் நினைவுக்கு வரும். 'வெண்மெருகு மட்கலம்' என்கிறேன்.
- செ.

மெருகு என்பது தேய்த்து வரும் பளபளப்பு. இது பூசிச் சுட்டது, ஆகவே பூச்சு. 'மட்கலம்' எதற்கு? புறநானூறு 256இல் 'கலம்செய் கோவே' என்று குயவரைத்தானே விளிக்கிறார்கள்? கலம் தனியே நிற்கும்.
- புலவர் தி.

கலம் கப்பலும் ஆகும், அணிகலனும் ஆகும், புலவரே.
- செ.

அதனால் என்ன, இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்தது என்பார்கள். ஃபயான்ஸோ இத்தாலியின் ஃபாயன்சா என்ற ஊரின் பெயர். ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பது என்ன முறை?
- புலவர் தி.

அப்புறம் இன்னொன்று. நூலில் வரும் படத்தில் கடை முகப்பில் வரிசையாக நிற்கிறதே, மேல்பாதி மஞ்சள் பூச்சும் கீழ்பாதி வெறும் மண்ணுமாக, அந்த ஜாடிக்கு என்ன பெயர்?
- ச.

ஊறுகாய் ஜாடி!
- மு.

ஐயா, அதில் ஊறுகாய் போட்டதில்லை. தென்மேற்குப் பிரான்சில் வாத்து இறைச்சியைக் கொழுப்பில் வேகவைத்து, அதே கொழுப்பால் மூடிச் சேமித்த ஜாடி. 'கொன்ஃபி ஜாடி' என்று விடுவோம். அதன் பூச்சு காரீயம், வெள்ளீயம் அல்ல. ஃபயான்ஸ் கணக்கிலேயே வராது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் கலக்காதீர்கள், தயவுசெய்து.
- செ.

சரி, நேரமில்லை. 'வெண்பூச்சுக் கலம்' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ஃபயான்ஸ்' என்றும் சேர்ப்பேன். பெரும்பாலோருக்கு ஒப்புதல்தானே?
- ச.

ஒப்புதல்.
- மு.

ஒப்பவில்லை. ருவான் தட்டுகளில் ஒரு வகை உண்டு: முகம் வெள்ளை, முதுகு மங்கனீசு கலந்த கரும்பழுப்பு. வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் கண்ணில் படாத பக்கத்துக்கு மலிவுப் பூச்சு கொடுத்தார்கள். கடைக்காரர் அதைத் திருப்பி மாட்டிவைத்த படத்தின் கீழே 'வெண்பூச்சுக் கலம்' என்று எப்படி எழுதுவீர்கள்? 'ஃபயான்ஸ்' என்றே விடுங்கள்.
- செ.