3,000 ரூபாயும் கண்மாய்த் தட்டான்களும்: மலிவான கேமரா துணைக்கருவிகளை வாங்கலாமா?

தும்பி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மாமா பயன்படுத்திய கேனான் 200டி மார்க் 2 கேமராவை 18-55 எஸ்டிஎம் லென்ஸுடன் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் தட்டான்களைக் கிட்டத்தில் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது 3,000 ரூபாய். இணையக் கடையில் இந்தப் பணத்துக்குள் இரண்டு பேட்டரி, எக்ஸ்டென்ஷன் டியூப், சிறிய பிளாஷ், லென்ஸ் ஹுட், 128 ஜிபி கார்டு எல்லாமே கிடைக்கின்றன. எதுவும் கேனான் தயாரிப்பு அல்ல. அசல் பேட்டரி ஒன்றை வாங்கினாலே என் பணம் தீர்ந்துவிடும். வாங்கலாமா?

மணமேடை எழுதியது:
வேண்டாம் தம்பி. பதினான்கு ஆண்டுகளாகத் திருமணங்களைப் படம் எடுத்து வருகிறேன். இந்த ஆசைக்கு நானும் ஒருமுறை இடம்கொடுத்தேன். என் கேமராவின் அசல் பேட்டரியின் கொள்ளளவு 1,865 மில்லி ஆம்பியர் மணி. நான் வாங்கிய மலிவு பேட்டரியின் மேல் 2,600 என்று அச்சிட்டிருந்தது. கூட்டின் அளவு அதேதான், விலை மட்டும் கால்வாசி. முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு முகூர்த்தம். திரையில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, கேமரா அணைந்துவிட்டது. மூன்று முடிச்சும் விழுந்து முடிந்தபோது நான் பேட்டரி மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். உதவியாளர் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துத்தான் ஆல்பத்தை முடித்தேன். பெண்ணின் தந்தை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குறிஞ்சி எழுதியது:
அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் தாலி கட்டும் நொடி திரும்ப வராது, தட்டான் நாளைக்கும் அதே கோரைப்புல்லில் வந்து உட்காரும். உங்கள் தொழிலின் பயத்தை ஒரு புதியவர் தலையில் ஏற்றலாமா? நான் பள்ளி ஆசிரியை. அசல் பொருள்தான் வேண்டும் என்று காத்திருந்தால் இன்றுவரை கேமராவைத் தொட்டிருக்க மாட்டேன். ஹுட் என்பது வளைத்த பிளாஸ்டிக். பக்கத்து வெளிச்சம் லென்ஸில் விழாமல் மறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடியே கிடையாது. லென்ஸைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் வெற்று வளையம் அது. நடுவில் இருப்பது காற்று. காற்றில் அசல் என்ன, மலிவு என்ன? நானூறு ரூபாய் டியூபை வைத்து எங்கள் கறிவேப்பிலைச் செடியில் இருந்த தாவும் சிலந்தியை எடுத்தேன். முன்பக்கத்து நான்கு கண்களிலும் எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. என் மாணவர்கள் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

திருகாணி எழுதியது:
கேமரா பழுதுபார்ப்பது என் தொழில். குறிஞ்சி அம்மா சொன்னது சரி, ஆனால் தும்பியின் லென்ஸுக்கு அது பொருந்தாது. உங்களுடையது பழைய லென்ஸாக இருந்திருக்கும், குவிய (ஃபோகஸ்) வளையம் பற்சக்கரத்தோடு நேரடியாகச் சுழலும். எஸ்டிஎம் லென்ஸில் வளையம் மின்சைகை மட்டுமே அனுப்பும், லென்ஸை நகர்த்துவது மோட்டார். தும்பி, கேமராவை அணைத்துவிட்டு வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒன்றுமே மாறாது. மின்தொடர்பு இல்லாத டியூபை நடுவில் வைத்தால் உங்கள் கைக் குவியமும் போய்விடும். லென்ஸில் ஒளி புகும் துளையைச் சுருக்கவும் முடியாது, திரையில் 00 என்றுதான் வரும். முழுத்துளையில் தட்டானின் ஒரு கண் மட்டும் தெளியும், மற்றதெல்லாம் மங்கிவிடும்.

பித்தளை நிறத் தொடர்புப் புள்ளிகள் உள்ள டியூபை வாங்குங்கள். பெயர் தெரியாத நிறுவனத்துடையதாக இருந்தாலும் பரவாயில்லை. விலை சில மடங்கு கூடும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். போகட்டும். லென்ஸின் ஜூமை 55-இல் நிறுத்தி 21 மில்லிமீட்டர் டியூபைப் போட்டால், நான்கு சென்டிமீட்டர் தட்டான் ஏறக்குறைய படத்தை நிறைத்துவிடும். 18-இல் நிறுத்திவிடாதீர்கள், குவியும் இடம் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடும்.

மணமேடை எழுதியது:
பிளாஷைப் பற்றி யாருமே பேசவில்லையே. 200டி மார்க் 2-இன் பிளாஷ் பொருத்தும் இடத்தில், மின்னச் சொல்லும் சைகையை அனுப்பும் நடுப்புள்ளியை கேனான் வைக்கவே இல்லை. மலிவான கைமுறை பிளாஷ்கள் எல்லாம் அந்த ஒற்றைப் புள்ளியை நம்பித்தான் மின்னுகின்றன. இவர் வாங்கி மாட்டுவார், ஷட்டர் விழும், பிளாஷ் மின்னாது. இதை எந்த இணையக் கடை எழுதி வைத்திருக்கிறது? நான் பயப்படுவது இதற்குத்தான்.

குறிஞ்சி எழுதியது:
நடுப்புள்ளி இல்லாதது எனக்குத் தெரியாது, நன்றி அண்ணா. டியூபிலும் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் அந்த பிளாஷ் வீணாகாது. கேமராவின் தலையில் எழும்பும் சொந்த பிளாஷ் இருக்கிறதே! பல கைமுறை பிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் உண்டு. வேறொரு மின்னலைக் கண்டதும் அவை தாமாக மின்னும். எஸ்2-இல் வைத்தால் முதலில் வரும் அளவுபார்க்கும் மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு மின்னும். கேமராவின் மேல் மாட்டாமல், பூச்சிக்குப் பக்கவாட்டில் இடது கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வெள்ளைத் தாளைக் கட்டினால் இறக்கையின் நரம்புகள் அத்தனையும் எழுந்து நிற்கும்.

மணமேடை எழுதியது:
கண்மாய்க் கரையில், ஈரச் சேற்றில், வலது கையில் கேமரா, இடது கையில் பிளாஷ். குவியத்தை யார் பார்ப்பது? காலை ஏழு மணி வெயிலே அவருக்குப் போதும். சரி, பேட்டரிக்கு என்ன சொல்கிறீர்கள்?

திருகாணி எழுதியது:
அதில் நான் உங்கள் பக்கம், பாதி தூரம்வரை. லித்தியம் பேட்டரிக்குள் சின்னச் சுற்றுப்பலகை ஒன்று இருக்கும். சார்ஜ் மிஞ்சினாலும், வற்றினாலும், முனைகள் ஒட்டிக்கொண்டாலும் மின்சாரத்தை வெட்டுவது அதுதான். காசை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். போன மாதம் ஒருவர் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பேட்டரி உப்பி, உள்ளேயே இறுகிவிட்டது. நெம்பினால் உறை கிழியும், கிழிந்தால் தீப்பிடிக்கலாம். அடிப்பாகத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கூட்டையே விரித்து வெளியில் எடுத்தேன். பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு எனக்குக் கூலியாகக் கொடுத்தார்.

ஆனால் கேனான் பெயர் இல்லாத பேட்டரி எல்லாமே இப்படி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் உறையில் இருக்கின்றனவா, அந்த எண் தர நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தும்பியின் கேமராவுக்கான எல்பி-இ17 பேட்டரி அசலில் 1,040 மில்லி ஆம்பியர் மணி. அதே கூட்டில் 1,500 என்று எழுதியிருந்தால் விற்பவர் முதல் வரியிலேயே பொய் சொல்கிறார். இன்னொன்று, இந்த வகையில் அசல் அல்லாதவை பல, கேனான் சார்ஜரில் ஏறவே ஏறாது. அவற்றோடு தனி சார்ஜர் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கார்டை அந்தக் கடையில் தொடவே தொடாதீர்கள். 8 ஜிபி சில்லை 128 என்று சொல்லும்படி மாற்றி எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். கேமராவும் 128 என்றே நம்பும். எட்டு நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பெயரளவில் இருக்கும், திறக்காது. எங்கே வாங்கினாலும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே வெளியே கொண்டுபோங்கள்.

மணமேடை எழுதியது:
ஹுட்டுக்கும் டியூபுக்கும் இனி மறுப்புச் சொல்லவில்லை. அதே ஆர்வத்தில் லென்ஸின் முன்னால் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடியும் வாங்கிவிடாதீர்கள் தம்பி. பூச்சு இல்லாத மலிவுக் கண்ணாடியைப் போட்டு எடுத்த படத்தில் ஒரு குத்துவிளக்குக்கு இரண்டு சுடர் விழுந்தது எனக்கு. பேட்டரியில் என் கருத்து மாறவில்லை. சேர்த்து வைத்து அசலையே வாங்குங்கள்.

தும்பி எழுதியது:
கேமராவை அணைத்துவிட்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். திருகாணி ஐயா சொன்னதுபோல ஒன்றும் நகரவில்லை. பிளாஷ் பொருத்தும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், நடுவில் வெறும் தகடுதான். தொடர்புப் புள்ளிகள் உள்ள டியூபும் ஒரு ஹுட்டும் வாங்கப் பதிவு செய்துவிட்டேன். மீதி 640 ரூபாய். மாமா கொடுத்த பேட்டரியே ஒரு காலைப் பொழுதுக்குத் தாங்குகிறது, இப்போதைக்கு அது போதும். குறிஞ்சி அக்கா, வெள்ளைத் தாளை பிளாஷிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்ட வேண்டும்? மாமாவிடம் பழைய பிளாஷ் ஒன்றும் இருக்கிறதாம், அதில் எஸ்2 என்று எழுதியிருக்கிறதாம்.

குறிஞ்சி எழுதியது:
நான்கு விரல் இடைவெளி. தாள் கசங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணமேடை எழுதியது:
ஏழு மணி வெயிலிலும் ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். பார்க்கிறேன்.