ஏற்காடு மலைப்பாதைக்கு எடை குறைந்த அலாய் வீல்

கேள்வி:
சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாள்தோறும் ஏற்காட்டுக்கு வேலைக்குச் செல்லும் என் ஸ்விஃப்ட் காரில், 14 அங்குல இரும்பு வீல்களுக்குப் பதிலாக எடை குறைந்த 16 அங்குல அலாய் (உலோகக் கலவை) வீல் போடலாமா?

பதில் 1:
நண்பரே, 15 அங்குலமே போதும். 185/65 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்) போட்டால் வெளிவிட்டம் ஏறத்தாழ மாறாது. 16 அங்குலத்தில் டயரின் பக்கச்சுவர் குறுகுவதால், பள்ளத்தில் இறங்கும்போது விளிம்பு நெளியக்கூடும். அலாய் என்றாலே எடை குறைவு என்று நம்பிவிடாமல், கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
போல்ட் அமைப்பு 4×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் 4 போல்ட்) பொருந்தினாலும், வீலின் நடுத்துளை 54.1 மி.மீ.க்கு மேல் இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பி வீலை நடுவில் நிறுத்தும் இடைவளையம் அவசியம். என் காரில் அதைப் போடாமல் விட்டதால், 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. வளையம் போட்ட அன்றே நின்றது.

கேட்டவர்:
மிக்க நன்றி. 15 அங்குலமே வாங்குகிறேன். நடுத்துளையை அளந்த பிறகே பணம் கொடுப்பேன்.