கிரேட் 8 இங்கிலீஷ்: 'ஹிஸ்'ஸா 'ஹெர்'ரா, சிமிலியா மெட்டஃபரா?

ரோஸ்ஹில்_அம்மா
வணக்கம். நாங்கள் மொரிஷியஸில். மகள் கிரேட் 8. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, இங்கிலீஷ், கூடவே தமிழ். கட்டுரையில் திரும்பத் திரும்ப வருபவை இவை: 'ஷி லவ்ஸ் ஹிஸ் ஃபாதர்' (சொல்ல வந்தது அவளுடைய அப்பாவை), 'ஹி டஸிண்ட் கோஸ்', 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே', 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. இலக்கியத்தில் சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அலிட்டரேஷன் (சொற்களின் முதல் ஒலி ஒன்றி வருவது) எல்லாவற்றுக்கும் விளக்கம் ஒப்பிக்கிறாள். பாட்டில் காட்டச் சொன்னால் 'லைக்' வந்த இடமெல்லாம் சிமிலி என்கிறாள். அடுத்த வருஷம் என்.சி.இ. தேர்வு (கிரேட் 9 முடிவில் வரும் தேசியத் தேர்வு). தமிழ்ப் பாடத்தில் படிக்கும் அணி இலக்கணம் இதற்கு உதவுமா?

கரும்புத்தோகை
அக்கா, இவற்றில் மூன்று கவனக்குறைவு இல்லை, கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிற பிழை. கிரியோலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'லி' (அவன், அவள்), ஒரே 'சோ' (அவனுடைய, அவளுடைய). பிரெஞ்சிலோ உடைமைச் சொல், உடைமையின் பாலைப் பார்த்து மாறும். இங்கிலீஷ் உடையவரின் பாலைப் பார்க்கிறது. தமிழில் 'தன் அப்பா' என்று நினைத்தாலும் பால் தெரியாது. 'அவளுடைய அப்பா' என்று நினைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'ஹிஸ்', 'ஹெர்' மேலும் பென்சிலால் ஒரு அம்பு, பின்னோக்கி, யாருடையதோ அவரிடம் போய் முடியவேண்டும். அம்புக்குப் போக இடமில்லை என்றால் அந்த வாக்கியமே சரியில்லை.

'டஸிண்ட் கோஸ்' பிழைக்குத் தமிழே மருந்து. 'போகிறான்', 'போகிறாள்' என்று விகுதி வரும். 'போவதில்லை' என்று மறுத்தால் அந்த விகுதி எங்கே? காணோம். இங்கிலீஷிலும் வினை அதை இழக்கிறது, 'டூ' அதை வாங்கிக்கொண்டு 'டஸ்' ஆகிறது. ஒரு வினைக்கு ஒரே ஒரு 'எஸ்'. கேள்வி வாக்கியத்திலும் இதே கணக்கு: 'டஸ் ஹி கோ?'

'எஸ்டர்டே' விஷயம் பிரெஞ்சின் வேலை. அங்கே 'நேற்று'டன் 'ஹேவ்' போன்ற துணைவினை சேரும். செயல் முடிந்ததைக் காட்டும் கிரியோலின் 'ஃபின்'னும் அப்படியே. இங்கிலீஷில் முடிந்துபோன நேரத்தைச் சொன்னாலே (எஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, இன் 2019) 'ஹேவ்' கூடாது.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் கிரியோலில் ஒரே 'தெப்பி'. தமிழில் பாருங்கள்: ஐந்து வருஷம்'ஆக' என்றால் 'ஃபார்', 2019 'முதல்' என்றால் 'சின்ஸ்'. ஆனால் இந்தப் பாலம் பாதிவரைதான். 'இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை இங்கிலீஷ் 'ஹேவ் லிவ்ட்' என்கும். இந்த இடத்தில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்துகொண்டு காலை வாரும்.

நான்கையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு பிழை, தினம் 15 நிமிடம், அவளே எழுதிய பத்துப் பதினைந்து வரிகளில். பயிற்சிப் புத்தகத்தில் சரியாகக் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு, கட்டுரையில் பழையபடி எழுதுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

அணியிலக்கணம்
இலக்கியப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். அணி இலக்கணம் உதவும், கண்மூடிப் பெயர்க்காவிட்டால்.

'லைக்' என்றதும் சிமிலி இல்லை. 'ஐ லைக் மேங்கோஸ்' வெறும் வினை. 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' மனிதனை மனிதனோடு ஒப்பிடும் சாதாரணச் செய்தி. 'த மார்க்கெட் ஹம்ட் லைக் எ பீஹைவ்' என்றால் சந்தையும் தேன்கூடும் வேறு வேறு இனம், அது சிமிலி. 'லைக்', 'ஆஸ்' இரண்டும் நம் உவம உருபுகள் (போல, போன்ற) மாதிரி, அவ்வளவே.

மெட்டஃபருக்கு 'மலர்முகம்', 'முகமலர்' பாடத்தை எடுங்கள். மலர் போன்ற முகம் உவமை, முகமாகிய மலர் உருவகம். ஆனால் இங்கிலீஷ் மெட்டஃபர் வினையிலும் ஒளிந்திருக்கும்: 'த நியூஸ் ஃப்ரோஸ் ஹிம்'. பெயர்ச்சொல்லை மட்டும் தேடும் பிள்ளை இதைத் தாண்டிப் போய்விடும்.

பெர்சானிஃபிகேஷனை (மனிதரல்லாததை மனிதர்போலக் காட்டுவது) தற்குறிப்பேற்றம் என்று பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தானாக ஒரு காரணம் ஏற்றுவதுதான் தற்குறிப்பேற்றம். கரும்புத் தோகைகள் குசுகுசுத்தன என்பதில் காரணம் எதுவும் இல்லை, மனிதச் செயல்தான் இருக்கிறது. பெர்சானிஃபிகேஷனுக்கு அதுவே போதும்.

அலிட்டரேஷன் மோனைக்கு (முதலெழுத்து ஒன்றி வருவது) கிட்டத்தட்ட நெருக்கம். மோனையில் 'ம'வுக்கு 'வ' இனம், 'ச'வுக்கு 'த' இனம்; இங்கிலீஷில் அந்தச் சலுகை இல்லை. அங்கே ஒலிதான் கணக்கு. 'சிட்டி' (நகரம்), 'கேட்' (பூனை) இரண்டும் ஒரே 'சி' எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகா. 'ஃபோன்', 'ஃபிஷ்' எழுத்து வேறானாலும் ஆகும். ரைம் என்றால் எதுகை என்று எழுதிவிடப் போகிறாள்: எதுகை இரண்டாம் எழுத்து, ரைமுக்குப் பக்கத்தில் வருவது இயைபு (இறுதி ஒன்றி வருவது).

ரோஸ்ஹில்_அம்மா
நன்றி இருவருக்கும். பெயரைச் சரியாகச் சொன்னாலும் பாதி மார்க்தான் வருகிறது, ஏன்?

அணியிலக்கணம்
பெயரோடு நிறுத்திவிடுகிறாள் போல. எந்தச் சொற்கள் என்று மேற்கோள் குறிக்குள் எடுத்து எழுதவேண்டும், அடுத்து அது இங்கே என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம். 'இட் மேக்ஸ் த போயம் இன்ட்ரெஸ்டிங்' என்று எழுதினால் ஒன்றும் சொல்லாததுபோல. தேன்கூடு உவமை என்றால் இடைவிடாத இரைச்சல், நெரிசல், எல்லோரும் ஏதோ வேலையில் இருப்பது: இவற்றில் அந்தப் பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதட்டும்.