புதுப்பிப்பு: டாக்கர் கண்டெய்னரிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு இணைப்பு கிடைக்காத சிக்கல் தீர்ந்தது

சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு மெனக்கெட்டுப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மடிக்கணினியில் நேரடியாக ஓட்டியபோது ஒழுங்காக இயங்கிய பைத்தான் செயலி, டாக்கர் கம்போஸ் (கண்டெய்னர்களை, அதாவது செயலிகளைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகளை, ஒரே கோப்பின் மூலம் சேர்த்து இயக்கும் கருவி) வழியாக இயக்கியதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்பு மறுக்கப்பட்டதாகக் கூறி நின்றுவிடுகிறது என்பதே அந்தக் கேள்வி.

முதலில் வந்த பதிலே சரியானது: செயலியில் தரவுத்தள முகவரியாக நான் கொடுத்திருந்த லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று பொருள்படும் பெயர்) தான் சிக்கல். கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும் என்பதால், அதை நீக்கிவிட்டு, கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு வைத்திருந்த பெயரைக் கொடுத்தேன். அப்போதும் இணையவில்லை. மடிக்கணினியிலிருந்து அணுகுவதற்காகத் திறந்த 5433 என்ற போர்ட்டையே (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்) செயலியிலும் எழுதியிருந்தேன். கண்டெய்னர்கள் தமக்குள் பேசிக்கொள்ள, போஸ்ட்கிரெஸ் தன் கண்டெய்னருக்குள் பயன்படுத்தும் 5432 தான் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று.

எதிர்பாராதது அடுத்துதான் வந்தது: கடவுச்சொல் தவறு என்ற புதிய பிழை. தடுமாற்றத்தில் நடுவே கம்போஸ் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். ஆனால் போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கப் பயன்படும் அச்சு), தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும் என்பதால், பழைய வால்யூமில் (கண்டெய்னரை நீக்கினாலும் தரவு தங்கும் சேமிப்பிடம்) பழைய கடவுச்சொல்லே நீடித்தது. என்னிடம் இருந்தவை சோதனைத் தரவுகள் மட்டுமே என்பதால் வால்யூமை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். உண்மையான தரவு வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். தரவுத்தளத்திற்குள் சென்று ஆல்டர் யூசர் கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றினால் போதும்.