கையைக் கடிக்கும் லூசர்ன்: இன்னும் மண்டைக்குள் ஓடும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஒல்லிப்பர்ஸ்:
சுவிட்சர்லாந்தில் லூசர்ன் போனவர்களுக்கு விலைவாசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் தங்கிய இடத்தில் சமைக்க வழியில்லை, வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு வேளைக்கே இருபத்தைந்து முப்பது ஃபிராங்க். அதனால் சாயங்காலம் கடை மூடுகிற நேரமாகப் பார்த்து சூப்பர்மார்க்கெட்டில் 50% ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதற்குக் காத்திருந்து வாங்குவதுதான் என் ராத்திரிச் சாப்பாடு. அன்றைக்கும் குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, தேய்த்துப் போட்ட கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி, சக்கரம் வைத்த பை. ஒரு தயிர் டப்பாவை எடுப்பதும் தேதியைப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். அவரும் அதற்குத்தான் நிற்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஸ்டிக்கர் பையன் வந்தான், டக் டக்கென்று ஒட்டிக்கொண்டே போனான், பாஸ்தா சாலட் இரண்டு டப்பா மிச்சம் இருந்தது, இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பாட்டி என் முதுகுப் பையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். "விடுமுறைக்கு வந்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "நான் இங்கே வசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டிப் பக்கம் போய்விட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

மரப்பாலம், ஏரி, பிலாட்டஸ் மலை எல்லாம் போனில் போட்டோவாகக் கிடக்கிறது. யோசித்தால் வருவது இந்தப் பாட்டிதான். உங்களுக்கு இப்படி எதுவும் நடந்ததா?

செவ்வந்தி88:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? குப்பைக்குப் போகிற சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டிக்கரில் உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று எழுதியிருந்ததா? நானாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன்.

என் கதை ரிகி மலையில். ரயில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஏரிக்கரை ஊரான வெகிஸிலிருந்து நடந்தே ஏறினேன். ஏரி 434 மீட்டரில், உச்சி 1,798 மீட்டரில், இடையில் இருப்பதை முழங்கால்தான் கணக்கு வைத்துக்கொண்டது. வழியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் சின்ன குளிர்சாதனப் பெட்டி, உள்ளே பாலாடைக்கட்டி, மேலே விலைப்பட்டியல், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஆள் கிடையாது. என்னிடம் ஐம்பது ஃபிராங்க் நோட்டுதான் இருந்தது, கட்டியின் விலை ஒன்பது. சில்லறைக்கு யாராவது வருவார்கள் என்று அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு குட்டிப் பெண், எட்டு வயது இருக்கும், வெளியே வந்தாள். நோட்டைக் காட்டினேன். அவள் தகரப் பெட்டியின் மூடியை ஒரு விரலால் தூக்கி, உள்ளே கிடந்த பணத்தில் எண்ணி மீதியைக் கொடுத்துவிட்டு, எதுக்காக இவ்வளவு நேரம் நின்றாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தாளே! பெட்டிக்குப் பூட்டே இல்லை. அரைமணி நேரமும் திறந்துதான் கிடந்தது. உள்ளே நிறையப் பணம் வேறு.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருமே திட்டமில்லாமல் போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டவருக்கு ஒரு மாத அரைக்கட்டண அட்டை இருக்கிறது, 2025 முதல் 150 ஃபிராங்க், ரயில், படகு, பல மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதி விலை. நாலைந்து இடம் சுற்றினாலே போட்ட பணம் வந்துவிடும். ஒருநாள் பாஸை எவ்வளவு முன்கூட்டி எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு, கடைசி நாளில் எடுத்தால் அழவேண்டியதுதான். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் ரிகி முழுதும் அதிலேயே அடங்கும், பிலாட்டஸுக்குப் பாதிதான் தள்ளுபடி, பலர் இது தெரியாமல் கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். லூசர்னில் ராத்தங்குகிறவர்களுக்கு விசிட்டர் கார்டு உண்டு, தங்குகிற இடத்தில் கேட்டு வாங்குங்கள், ஊருக்குள் பஸ் ஓசி. தண்ணீர் பாட்டில் வாங்கவே கூடாது, தெருவுக்குத் தெரு குழாய்த் தொட்டி இருக்கிறது, குடிநீர் அல்ல என்று பலகை இல்லாவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள், சனிக்கிழமையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம், நெய் கூடாது, இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. சும்மா உட்கார இடம் வேண்டுமென்றால் உஃப்ஷோட்டி ஏரிக்கரை, நுழைவுக் கட்டணம் இல்லை, குளிக்கலாம். முசெக் என்கிற பழைய நகர மதில்மேல் நடப்பதும் இலவசம், அங்கே ட்சீட் கோபுரத்துக் கடிகாரம் ஊரில் மற்றவற்றைவிட ஒரு நிமிடம் முந்தி மணி அடிக்கும், அந்த உரிமை அதற்கு மட்டும்தான். குளிர்காலத்தில் கோபுரங்களை மூடிவிடுவார்கள்.

என் சம்பவமா? ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் "வணக்கம்" என்றார். அவ்வளவுதான்.

லுட்சேர்ன்வாசி:
நான் இங்கே 80களின் கடைசியில் அகதியாக வந்து, இன்றுவரை உணவகக் குசினியில் நிற்கிறவன். செவ்வந்தி தங்கச்சி, கோட்டும் பட்டுத் துணியும் பார்த்துப் பணக்காரி என்று நினைக்கக் கூடாது. இங்கே அரச முதியோர் ஓய்வூதியம் தனி ஆளுக்கு ஆகக் கூடியது மாதம் 2,520 பிராங், 2025 கணக்கு. குறைந்தது அதில் பாதி. வேறு சேமிப்பு இல்லாத மனுசிக்கு வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் கட்டினால் மிச்சம் என்ன? 2024 மார்ச்சில் சனம் வாக்குப் போட்டு வருடத்துக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியமும் வேண்டும் என்று வென்றது சும்மா இல்லை. பழைய வேலைக்காரிகள், கணவன் செத்த பிறகு தனியாக இருப்பவர்கள், எல்லோரும் வெளியே வரும்போது வடிவாக உடுத்துத்தான் வருவார்கள்.

சரி, என் கதை. ரொய்ஸ் ஆற்றோரம் எங்கள் உணவகத்தின் பின்கதவில் சிகரெட் பத்திக்கொண்டு நின்றேன். ஒரு பெடியன் முன்பக்கத்தில் மெனுப் பலகையை வாசித்துக்கொண்டே நிற்கிறான், கையில் போன், விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. "தம்பி, உள்ளுக்குப் போகாதையும், காசு கூட" என்றேன். துள்ளிப்போய்விட்டான். ஊர் எது, என்ன படிப்பு என்று கொஞ்ச நேரம் கதைத்தோம், பாவமாக இருந்தது, வேலை முடிய வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மனுசி புட்டும் மீன்குழம்பும் வைத்தா. நல்லாகச் சாப்பிட்டான், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான், மனுசிக்குப் பெரிய சந்தோசம். போனபிறகு கோப்பையை எடுத்தால் அடியில் சிவப்பு இருபது பிராங் நோட்டு. மனுசிக்கு வந்த கோபம்! "என்னெண்டு நினைச்சவன், சாப்பாட்டுக் கடையெண்டோ?" அந்தத் தாளை அவ இன்றுவரை செலவழிக்கவில்லை, என்னையும் தொட விடுவதில்லை. அவன் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பான் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதற்கு என்ன சொல்லுவீர்கள்?

ஒல்லிப்பர்ஸ்:
அண்ணா, அது நான் இல்லை. நானாக இருந்தால் இருபது வைத்திருக்கவே மாட்டேன்.

செவ்வந்தி88:
அண்ணா சொன்னது சரி, பாட்டி ஏழையாகவே இருக்கட்டும். ஆனால் ஒல்லிப்பர்ஸும் அங்கே பசியோடுதானே நின்றார்? மூன்று மடங்கு விலையில் சாப்பிட முடிந்தவர்கள் எல்லாம் ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பாதி விலை டப்பாவுக்கு இவர்கள் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். அந்தப் பையனுக்கும் பெரியவர்கள் வீட்டில் வெறுங்கையோடு சாப்பிட்டுப் போக மனசு வந்திருக்காது. பழம் வாங்கிப்போயிருக்கலாம், அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

மேட்டுப்பாளையம்_எக்ஸ்பிரஸ்:
சாப்பாட்டுச் சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். பிலாட்டஸ் பல்சக்கர ரயிலில் ஏறக் காசில்லை, பார்ப்பதற்காவது போவோம் என்று அல்ப்னாக்ஸ்டாட் போனேன். 1889இல் திறந்தது, 48% சாய்வு, உலகத்திலேயே செங்குத்தான பல்சக்கர ரயில். நம் நீலகிரி ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது எட்டு சொச்சம் சதவீதம்தான். இங்கே தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல் தண்டில் பல் மேல்நோக்கி இருக்காது, தண்டின் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும், இந்தச் சாய்வில் சக்கரம் பல்லைவிட்டு எழும்பிவிடக் கூடாதென்று. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிரீஸ் வாளியோடு ஒரு பெரியவர் வந்தார். எங்கள் ஊரிலும் பல்சக்கர ரயில் உண்டு, ஆப்ட் என்கிற பல் தண்டு முறை, பழைய எஞ்சின்கள் உங்கள் வின்டர்தூரில் செய்தவை என்றேன். ரிகி ரயிலைக் கட்டிய ரிக்கன்பாக் 1882இல் ஆலோசனைக்கு நீலகிரி வந்த கதையையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு கிரீஸ் கையோடு கைகொடுத்தார், சட்டைக் கை முழுக்கக் கறுப்பு. அப்புறம் ஒன்று கேட்டார்: "அங்கே பல்லுக்குள் விழுகிற இலையை யார் சுத்தம் செய்கிறார்கள்?" எனக்குத் தெரியவில்லை. கல்லாறு தாண்டினால் இரண்டு பக்கமும் காடு, எவ்வளவு இலை விழும்! யாரோ தினமும் பார்க்கத்தான் வேண்டும். குன்னூர் பக்கம் ரயில்வேயில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒல்லிப்பர்ஸ்:
கணக்குப்பிள்ளை, அந்த வணக்கம் சொன்னவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே?

கணக்குப்பிள்ளை:
என்ன பாதி? சின்ன வயசு, அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவர் பிறந்தது இங்கேயாம். "டிக்கெட்டைக் காட்டுங்கோ" என்றார், காட்டினேன். நம்ம ஆள்தானே என்று நான் சிரித்துப் பேசப் பேச அவர் தேதியைப் பார்த்தார், அரைக்கட்டண அட்டையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பேரைச் சரிபார்த்தார். முன்வரிசைக்காரரிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அரைக்கட்டண அட்டை எடுத்தால் பாஸ்போர்ட்டைப் பைக்குள் அடியில் போட்டு வைக்காதீர்கள், அட்டையில் உள்ள பேரும் அதில் உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுகிற நம்மவர்களுக்கு இது முக்கியம்.