மேஸ்திரியைத் தடுக்க வாய் வரவில்லை, வழி சொல்லுங்கள்

திருச்சி உறையூரில் சின்ன அளவில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறேன். அப்பா போனதிலிருந்து 4 வருடமாக நானே பார்க்கிறேன். ஆட்கள் 11 பேர். பிரச்சினை மேஸ்திரிதான். அப்பாவோடு 22 வருடம் இருந்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். கலவை இளகலாக இருந்தால் வேலை சுளுவு என்று மிக்சரில் ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிடுவார். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் குறையும்.

கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லின்டலுக்குப் போட்ட எம்20 தர கான்கிரீட், 7 நாள் கியூப் டெஸ்டில் (கட்டியை நசுக்கிப் பலம் பார்ப்பது) சதுர மில்லிமீட்டருக்கு 9 நியூட்டன்தான் வந்தது. 13 பக்கம் வந்திருக்க வேண்டும்.

தனியாகச் சொன்னேன். “தம்பி, நான் போட்டது எதாவது விழுந்திருக்கா?” என்றார். கலவை எவ்வளவு இளகல் என்று அளக்கும் ஸ்லம்ப் கோன் வாங்கி வைத்தேன். அதன் கைப்பிடியில் இப்போது அவருடைய வெற்றிலைப் பை தொங்குகிறது. தண்ணீரைக் குறைக்க அட்மிக்சர் என்ற கலவை மருந்து கொடுத்தேன், மருந்தையும் ஊற்றித் தண்ணீரையும் ஊற்றினார். ரெடிமிக்ஸ் போடலாமென்றால் சந்துக்குள் லாரி நுழையாது. அவரை நிறுத்தினால் ஆட்களும் கூடவே போய்விடுவார்கள்.

வரும் வியாழன் ரூஃப் கான்கிரீட். அவர் குடத்தைத் தூக்கும் நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதுதான் உண்மை. எல்லார் முன்னாலும் அவர் மரியாதை கெடாமல், ஆனால் குடம் கீழே இறங்கும்படி, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?